கண்ணீர் முந்தியா, துக்கம் முந்தியா? மனம், உடல், உணர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனத் தத்துவம் என்று ஒரு துறை இருப்பதாகச் சொன்னாலே போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட ஏதாவது கேட்டுவிடுவார். எல்லோருக்கும் மனம் இருக்கிறது, எல்லோரும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பல வருஷமாக என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வும் இருக்கும். உணர்ச்சியை அறிவின் எதிரியாக நினைப்பது தவறு, உடம்பின் வழியாக உலகத்தை அறிந்துகொள்ளும் ஒரு முறை அது என்று நம்புகிறவன் நான்.

உணர்வு, உணர்ச்சி, நனவு, பிரக்ஞை: இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

அன்றாடப் பேச்சில் இவை கலந்துதான் கிடக்கின்றன. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்து "உணர்ச்சியே இல்லை" என்கிறோம். அதே சொல்லை "உணர்ச்சிவசப்படாதே" என்று கோபக்காரரிடமும் சொல்கிறோம். மயங்கி விழுந்தவருக்கு "நினைவு திரும்பிவிட்டது" என்கிறோம். ஞாபகத்துக்கும் விழிப்புக்கும் அங்கே ஒரே சொல்தான்.

இந்தப் பக்கத்தில் பயம், கோபம், துக்கம், மகிழ்ச்சி போன்றவற்றை உணர்ச்சி என்கிறேன். ஒருவருக்கு உள்ளே ஏதோ ஓர் அனுபவம் நடந்துகொண்டிருக்கும் நிலையை நனவு என்கிறேன். பிரக்ஞை என்று பலர் எழுதுவதும் இதைத்தான். ஒரு சின்ன எச்சரிக்கை: நனவு என்பதற்குப் பழைய பொருள் விழிப்பு, கனவுக்கு எதிர்ச்சொல். ஆனால் பாம்பு துரத்துகிற கனவில் நாம் படும் பயம் நிஜமான பயம்தானே? தூங்குகிறவருக்கும் அனுபவம் இருக்கிறது. ஆகவே விழித்திருப்பது வேறு, அனுபவம் இருப்பது வேறு. கடைசிக் கேள்விக்கு வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

அழுவதால்தான் துக்கம் வருகிறது என்று ஒருவர் சொன்னாராமே?

சொன்னார். அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ், 1884ல், 'மைண்ட்' என்ற தத்துவ இதழில். கட்டுரையின் தலைப்பே 'உணர்ச்சி என்றால் என்ன?' என்பதுதான். கரடியைப் பார்க்கிறோம், பயம் வருகிறது, பயத்தில் ஓடுகிறோம் என்றுதான் நாம் வரிசைப்படுத்துவோம். ஜேம்ஸ் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். கரடி கண்ணில் பட்டதுமே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கால் ஓடப் பார்க்கிறது. உடம்பில் நடக்கும் இந்த மாற்றங்களை நாம் உள்ளிருந்து உணர்கிறோமே, அந்த உணர்வுக்குப் பெயர்தான் பயம் என்றார். மறு வருஷமே டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கே தனியாக இதே போன்றதொரு முடிவுக்கு வந்தார்.

ஜேம்ஸின் வாதத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு வந்த பெரிய கோபம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முகச் சூட்டைக் கழியுங்கள். இறுகிய பல்லையும் வேகமான மூச்சையும் துடித்த கையையும் கழியுங்கள். என்ன மிச்சம்? "அவன் செய்தது தப்பு" என்ற வறண்ட எண்ணம் ஒன்றுதான். அதைக் கோபம் என்று சொல்ல மனசு வருகிறதா?

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது அவ்வளவு விநோதமாகத் தெரியாது. பரீட்சை முடிவு வரும் நாளில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் சிலருக்கு வயிறு எரிகிறது. மகளை வழியனுப்பும்போது தொண்டை அடைக்கிறது. உணர்ச்சியைச் சொல்ல நாம் முதலில் தேடிப் போவது உடம்பைத்தான்.

அப்படியானால் ஊசி போட்டு நெஞ்சைப் படபடக்க வைத்தால் பயம் வந்துவிடுமா?

ஜேம்ஸை மறுத்தவர்கள் கேட்டதும் இதைத்தான். 1924ல் ஸ்பெயின் மருத்துவர் கிரெகோரியோ மரனோன் தம் நோயாளிகளுக்கு அட்ரினலின் ஊசி போட்டார். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. ஆனால் பெரும்பாலோர் உடம்பில் நடந்ததை மட்டும் சொன்னார்கள். வேறு சிலர் "பயந்தது போல இருக்கிறது" என்றார்கள். அந்த 'போல' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 1927ல் ஹார்வர்டின் வால்ட்டர் கேனன் இதையும் சேர்த்துத் தம் மறுப்பை எழுதினார். கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும்கூட உள்ளுறுப்புகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான், அப்படியிருக்க எது கோபம், எது பயம் என்று உடம்பை மட்டும் வைத்து எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்.

1962ல் ஷாக்டர், சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நடுவழி ஒன்றைச் சொன்னார்கள். படபடப்பை உடம்பு தருகிறது, அது என்ன உணர்ச்சி என்பதைச் சூழ்நிலையைப் பார்த்து மனம் முடிவுசெய்கிறது என்றார்கள். வைட்டமின் என்று சொல்லி அட்ரினலின் போட்டார்கள். அறையில் ஒருவரைக் கும்மாளம் போட வைத்தார்கள், இன்னொரு அறையில் ஒருவரைக் கோபப்பட வைத்தார்கள். படபடப்புக்குக் காரணம் தெரியாதவர்களை அந்தக் கும்மாளமோ கோபமோ தொற்றிக்கொண்டது என்பது அவர்கள் முடிவு. பாடப்புத்தகங்களில் பிரபலமான பரிசோதனை இது. ஆனால் அதன் விளைவுகள் அவ்வளவு வலுவானவை அல்ல. பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவும் இல்லை.

என் மனசைத் தொட்ட ஆய்வு வேறு. தண்டுவடம் அடிபட்டு உடம்பின் பெரும்பகுதியில் உணர்விழந்த 25 ஆண்களிடம் ஜார்ஜ் ஹோமன் பேசி, 1966ல் எழுதினார். அதில் ஒருவர், அநியாயத்தைப் பார்த்தால் இப்போதும் கத்துவதாகவும், ஆனால் அதில் பழைய சூடு இல்லை, அது மனசளவிலான ஒரு கோபம் என்றும் சொல்லியிருந்தார். ஜேம்ஸுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அதே போன்ற நோயாளிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அவ்வளவு குறைவைக் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உணர்ச்சி என்பதே ஒருவகைத் தீர்ப்பு என்கிறார்களே, அது என்ன வாதம்?

கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதி கிரைசிப்பஸ் காலத்திலிருந்து வருகிற வாதம். பயம் என்றால் "ஆபத்து வருகிறது" என்ற தீர்ப்பு. துக்கம் என்றால் "எனக்கு வேண்டிய ஒன்று போய்விட்டது" என்ற தீர்ப்பு. நம் காலத்தில் மார்த்தா நுஸ்பாம் 2001ல் இதை விரிவாக எழுதினார். இதில் பெரிய உண்மை இருக்கிறது. இருட்டில் பாம்பென்று நடுங்கியவர், டார்ச் அடித்துக் கயிறு என்று தெரிந்ததும் தெளிந்துவிடுகிறார். எண்ணம் மாறியதும் உணர்ச்சியும் மாறுகிறது.

ஆனால் எப்போதும் மாறுவதில்லையே! உயர்ந்த கோபுரத்திலிருந்து இரும்புக் கூண்டில் தொங்கவிடப்பட்ட மனிதனைப் பற்றி டேவிட் ஹியூம் எழுதுகிறார். விழமாட்டோம் என்று அவனுக்குத் திண்ணமாகத் தெரியும், இருந்தும் நடுங்குகிறான். சார்லஸ் டார்வின் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் விரியன் இனப் பாம்பு ஒன்று இருந்த தடித்த கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். பாம்பு கொத்தினாலும் பின்வாங்கக் கூடாது என்று உறுதியாக முடிவெடுத்திருந்தார். பாம்பு சீறிக் கொத்தியதும் ஓரிரு கஜம் பின்னால் குதித்துவிட்டார். 1872ல் வந்த நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். அவருடைய தீர்ப்பு ஒன்று, உடம்பின் தீர்ப்பு வேறொன்று. அப்படியானால் உடம்புக்கும் தீர்ப்பு உண்டு. நான் இதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு இதைப் பற்றியதா?

ஓரளவுக்கு. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது, அதாவது உடம்பில் தோன்றுவது. பெயர்களைக் கவனியுங்கள். துக்கம் என்று சொல்லவில்லை, அழுகை என்கிறது. முதலாவதன் பெயர் நகை, அதாவது சிரிப்பு. உடம்பில் தெரிவதே பெயராக நிற்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த படி. எட்டில் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு களன்களை வரிசையாகத் தருகிறது. அச்சம் அணங்கிலிருந்தும் (வருத்தும் தெய்வம்) விலங்கிலிருந்தும் கள்வரிடமிருந்தும் தம் இறையிடமிருந்தும் (தலைவர்) பிறக்கும். உறுப்பை வெட்டுதல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை ஆகியவற்றிலிருந்து வெகுளி பிறக்கும். ஆக, உணர்ச்சி உடம்பில் தெரிகிறது, ஆனால் அது உலகத்தில் உள்ள ஒன்றைப் பற்றியது. ஜேம்ஸ் முதல் பாதியை இறுகப் பிடித்தார், ஸ்டோயிக்குகள் இரண்டாம் பாதியைப் பிடித்தார்கள். இரண்டையும் ஒரே இயலுக்குள் பார்க்கும்போது எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்காக, ஜேம்ஸ் சொன்னதை நாம் முன்பே சொல்லிவிட்டோம் என்று உரிமை கொண்டாட மாட்டேன். மெய்ப்பாட்டியல் கவிதையைப் பற்றிப் பேசுகிறது, செய்யுளில் உணர்ச்சி எப்படிப் புலப்படும் என்பது அதன் கேள்வி. அதை அந்த இடத்தில் வைத்து மதிப்பதுதான் நியாயம்.

மூளையில் பயத்துக்கென்று தனி இடம் இருக்கிறதா?

அமிக்டலா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வாதுமைக் கொட்டை அளவில் இடம் வலம் இரண்டு பக்கமும் இருக்கும் பகுதி. 'பயத்தின் இருப்பிடம்' என்று பத்திரிகைகள் எழுதும். ஆய்வுலகில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்மணிக்கு, அபூர்வமான ஒரு மரபணு நோயால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோயின. மற்றவர் முகத்தில் பயத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை என்று 1994ல் ஆய்வு வந்தது. பிறகு அவரைப் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப்போனார்கள். ஆர்வமாகப் பாம்பைக் கையில் வாங்கித் தடவினார். பேய் வேஷக்காரர்கள் மிரட்டும் கட்டடத்துக்குள் கூட்டத்துக்கு முன்னால் நடந்தார். சரி, பயம் இருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2013ல் அந்த முடிவு ஆட்டம் கண்டது. எஸ்.எம்.மையும் அதே பாதிப்புள்ள இன்னும் இருவரையும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றை ஒருமுறை சுவாசிக்க வைத்தார்கள். மூன்று பேருமே பீதியடைந்தார்கள். எதற்கும் அஞ்சாத அந்தப் பெண்மணி முகமூடியை நோக்கிக் கையைப் பதற்றமாக ஆட்டினார், உதவி கேட்டார். வெளியிலிருந்து வரும் ஆபத்தை அறிய அமிக்டலா வேண்டியிருக்கிறது. மூச்சுத் திணறல் போல உள்ளிருந்தே எழும் ஆபத்துக்கு வேறு வழி இருக்கிறது. அமிக்டலா ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஜோசப் லெடூவே, அங்கே இருப்பது ஆபத்தை எதிர்கொள்ளும் சுற்று, அதைப் பயம் என்று அழைக்காதீர்கள் என்று பிற்காலத்தில் வற்புறுத்தினார். பயத்தை அனுபவிக்க அதற்கு மேலும் ஏதோ வேண்டும் என்பது அவர் வாதம்.

எனக்கே தெரியாமல் நான் கோபமாக இருக்க முடியுமா?

சமையலறையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டு "ஏன் கோபமா இருக்கே?" என்று கேட்டால், "எனக்கென்ன கோபம்?" என்று பதில் வரும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் அவரே, "காலையிலிருந்தே கோபமாத்தான் இருந்திருக்கேன் போல" என்பார்.

நனவிலி மனத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய ஃப்ராய்டுகூட 1915ல், நாம் அறியும்படி இருப்பதுதான் உணர்ச்சியின் இயல்பு என்று தயங்கினார். நான் இங்கே அவரிடமிருந்து விலகுகிறேன். கோபம் நம் உடம்பையும் கவனத்தையும் பேச்சையும் ஏற்கெனவே திருப்பிவிட்டிருக்கலாம், அதை அறிவது பின்னால் வரலாம். உணர்ச்சி முழுவதும் நனவுக்குள் அடங்காது.

மனமும் உடம்பும் வேறு வேறு என்று டேகார்ட் நிரூபித்துவிட்டாரா?

பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவவாதியான அவர் அப்படி வாதிட்டார். அதைக் கூர்மையாகக் கேள்வி கேட்டவர் போஹீமியாவின் இளவரசி எலிசபெத். தந்தை அரசை இழந்ததால் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அகதியாக வாழ்ந்த குடும்பம். 1643ல், அப்போது அவருக்கு வயது 24, டேகார்ட்டுக்கு எழுதினார்: இடம் எதையும் அடைக்காத, எதையும் தொட முடியாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும்? டேகார்ட் கடைசி வரை நேரான பதில் தரவில்லை. தத்துவ வரலாற்றில் இந்தக் கேள்விக்கு இணையான கேள்விகள் குறைவு என்பேன்.

1645ல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சல். துக்கம்தான் காரணமாக இருக்கும் என்றார் டேகார்ட். மனத்தின் வேதனைகள் தன் உடம்பை எளிதில் தாக்கிவிடுகின்றன என்று எலிசபெத்தும் எழுதினார். உடம்பையும் மனத்தையும் வெட்டிப் பிரித்தவரிடம், இரண்டும் பிரியாமல் வலிக்கிறது என்று ஒரு நோயாளி சொல்கிறார். உணர்ச்சிகளைப் பற்றி 1649ல் டேகார்ட் வெளியிட்ட நூல் இந்தக் கடிதங்களிலிருந்து வளர்ந்ததுதான்.

'கடினமான சிக்கல்' என்கிறார்களே, அது எது?

எலிசபெத்தின் கேள்வியைத் தலைகீழாக்கினால் அது வந்துவிடும். ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும் என்று அவர் கேட்டார். உடம்பிலிருந்து அனுபவம் எப்படி வருகிறது என்பது இது. பல் வலியை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு எது, எந்தச் செய்தி எங்கே போகிறது, கை ஏன் தாடைக்குப் போகிறது என்பதையெல்லாம் விளக்கலாம். இவ்வளவும் இருட்டில், அனுபவிப்பவர் எவரும் இல்லாமலே நடந்திருக்கலாமே? ஏன் வலிக்கிறது? இதற்குக் 'கடினமான சிக்கல்' என்று 1995ல் பெயர் வைத்தவர் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ். வௌவாலின் மூளையை எவ்வளவு அறிந்தாலும் வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதே என்று தாமஸ் நேகல் 1974லேயே கேட்டிருந்தார்.

1998ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், நனவுக்குரிய மூளைச் செயல்பாடு 25 வருஷத்துக்குள் தெளிவாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023ல் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்தார். பந்தயம் கடினமான சிக்கலைப் பற்றியதுகூட இல்லை, அதைவிட எளிய ஒன்றைப் பற்றியது.

இப்படி ஒரு சிக்கலே இல்லை, அனுபவம் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று 2024ல் மறைந்த தத்துவவாதி டேனியல் டென்னட் வாழ்நாள் முழுக்க வாதிட்டார். மதிப்போடு படிக்கிறேன், என்னால் ஏற்க முடியவில்லை. வலிப்பது போலத் தோன்றினாலே வலிக்கிறது என்றுதானே பொருள்!

எல்லாம் மூளையின் ரசாயனம்தானே?

ரசாயனம் இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் சாவுச் செய்தி கொண்டுவந்த பழைய காலத்துத் தந்தியும் தாளும் மையும்தான். வீடு அலறியது மையைப் பார்த்து இல்லை. மாத்திரையால் சோர்வு குறைந்தால், அந்தத் தெளிவு போலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

விலங்குகளுக்கு உணர்ச்சி உண்டா?

உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் நனவு இருப்பதற்கு வலுவான அறிவியல் ஆதாரம் இருக்கிறது என்றும், எல்லா முதுகெலும்பிகளுக்கும், ஆக்டோபஸ், நண்டு, பூச்சிகள் போன்ற பலவற்றுக்கும் இருக்கக்கூடும் என்றும் 2024ல் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். பிரிட்டன் 2022லேயே ஆக்டோபஸையும் நண்டையும் விலங்கு நலச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. உயிரோடு கொதிநீரில் போடும் நண்டைப் பற்றி இனி யோசிக்காமல் இருக்க முடியாது. எவ்வளவு உணர்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, வலிக்கும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே சரி.

கணினிக்கு?

உடம்பு தேவையில்லை, செயல்பாட்டின் அமைப்புதான் முக்கியம் என்பவர்கள், வரலாம் என்பார்கள். இழப்பதற்கு ஏதாவது இருக்கும் உயிருக்குத்தான் பயம் பொருள்படும் என்பது என் எண்ணம். பசியும் மூச்சும் இல்லாத ஒன்று துக்கத்தைப் பற்றி அழகாக எழுதலாம், அதை வைத்து அது துக்கப்படுகிறது என்று சொல்ல எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடப்பவரிடம் பேசுவதில் பயன் உண்டா?

இந்தத் துறைக்குள் என்னை இழுத்த கேள்வியே இதுதான். என் பெரியம்மா பக்கவாதம் வந்து பதினொரு நாள் அப்படிக் கிடந்தார். கண்ணைத் திறப்பார், ஆனால் யாரையும் பார்ப்பதில்லை. "பெரியம்மா, நான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இதை யாரிடம் சொல்கிறேன் என்று திகைத்து நின்றிருக்கிறேன்.

2006ல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எந்த அசைவாலும் பதில் சொல்லாத 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு வீட்டின் அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நல்ல ஆரோக்கியமானவர்கள் கற்பனை செய்யும்போது மூளையின் எந்தப் பகுதிகள் இயங்குமோ, அதே பகுதிகள் அவருக்கும் இயங்கின. 2010ல் இன்னொரு நோயாளி, ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்ற முறையில் தன் தந்தையின் பெயர் பற்றிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார். 2024ல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேருடைய மூளை, கட்டளையைப் பின்பற்றியது. நாலில் ஒருவர்.

மீதி மூன்று பேருக்கு அனுபவமே இல்லை என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. கற்பனைப் பயிற்சியைச் செய்ய முடியாதவர்களுக்குக் குரல் மட்டும் போய்ச் சேரலாம். ஆகவே பேசுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஆஸ்பத்திரி, என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். கட்டில் பக்கத்தில் நின்று செலவைப் பற்றியோ அவர் பிழைப்பாரா என்றோ பேசாதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எங்கள் வீட்டு முருங்கை காய்த்திருப்பதையும், பூனை குட்டி போட்டிருப்பதையும், குட்டிகள் நாலு என்பதையும் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆனதும் நர்ஸ் வந்து கிளம்பச் சொன்னார். மறுநாள் போய் ஐந்தாவது குட்டியைப் பற்றிச் சொன்னேன்.